ஆறாம் மாடிக் குளிர்

மார்ச் 4, செவ்வாய், காலை 9.10
ஆறாம் மாடியிலிருந்து இதுவரை பதினேழு புகார். பதினாறு பேருக்குக் குளிர், ஒருவருக்கு வேர்க்கிறது. அந்த ஒருவர் மேற்கு ஜன்னலோரக் கணக்கர்; மாடியே அவரைப் பனிக்கரடி என்றுதான் கூப்பிடுகிறது. பதினாறில் முதல் புகார் என் அக்காவுடையது. "வீட்டுல ஒரு ஏசி இன்ஜினியரை வச்சுக்கிட்டு நான் சால்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆபீஸே சிரிக்குதுடா."

ஏசி இயந்திரத்தின் ஆயுள் முடிந்தது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று வெளிக் கம்பெனி சொல்லிவிட்டது. 20-ஆம் தேதி மேலாளர் கையெழுத்துப் போட்டால் பராமரிப்பும் அவர்களுக்கே. எங்கள் குழு மூன்று பேரும் வீட்டுக்கு. இயந்திரம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது! எங்கள் குழுவின் சீஃபிடம் சொன்னேன். "வாயால சொல்லாத தம்பி, காட்டு" என்றார். காட்டுகிறேன்.

மார்ச் 5
மேசை மட்டத்தில் இருபது டிகிரி. தூணிலிருக்கும் சென்சார் சொல்வது இருபத்தேழு. ஒரே அறை. சென்சாரைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து சோதித்தேன். சரியாகத்தான் காட்டுகிறது. பிறகு எப்படி?

மார்ச் 6
பிடித்துவிட்டேன். தூணை ஒட்டி அக்காவின் மேசை. அதற்கு அடியில், குப்பைக்கூடைக்குப் பின்னால், ஒரு குட்டி ஹீட்டர். அது தூணைச் சுட வைக்கிறது. அறையே வேகிறது என்று நினைத்து சென்சார் குளிர்காற்றை முழுதாகத் திறந்துவிடுகிறது. மாடியே விறைக்கிறது. அக்காவுக்கும் குளிர் கூடுகிறது, ஹீட்டரைக் கூட்டுகிறாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போடுவது என்பார்களே, இங்கே ஊர் தலையிலும் சேர்த்து.

"என்னக்கா இது?"

"கால் மரத்துப் போகுதுடா. நீ வந்து சரி பண்ற வரைக்கும் நான் ஐஸ்கட்டியா ஆகணுமா?"

"இதுதான் எல்லாரையும் ஐஸ்கட்டி ஆக்குது."

அவள் நம்பவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் நம்பினார்கள். அவளைப் பார்த்த பார்வை— நான் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கலாம்.

ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சீஃபிடம் சொன்னேன்: "முடிஞ்சது சார். நாளைக்கு ஒரு புகார்கூட வராது."

மார்ச் 7
பத்தொன்பது புகார்.

மார்ச் 10
சீஃப் புகார்த் தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அக்கா வீட்டில் பேசுவதில்லை; சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைக்கிறாள், அவ்வளவுதான்.

சென்சார் சரி. மேசை மட்டத்தில் இருபத்திரண்டு. பிறகும் ஏன்? கேட்டால் எல்லோரும் கழுத்தையே தொட்டுக் காட்டுகிறார்கள். கழுத்து. மேலேயிருந்து ஏதோ விழுகிறது. ஏணி போட்டு, கூரையிலுள்ள ஒவ்வொரு காற்று வாயிலும் டிஷ்யூ காகிதத்தை நாடாவாகக் கிழித்து ஒட்டினேன். காற்று கூரையோடு பரவினால் நாடா படுக்க வேண்டும். ஒன்றுகூடப் படுக்கவில்லை. எல்லாம் நேராகத் தலைகளைப் பார்த்துத் தொங்குகின்றன.

புரிந்தது. ஊதும் காற்று பன்னிரண்டு டிகிரி. ஹீட்டர் போனதும் சென்சார் காற்றின் அளவைச் சுருக்கிவிட்டது. அவ்வளவு குளிர்ந்த காற்று, அதுவும் கொஞ்சமாக வந்தால், பரவ வலுவில்லாமல் தொப்பென்று கீழே விழும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நான் மீட்டரைப் பார்த்தேன், கழுத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 11
"ஊதுற காத்தைப் பதினாறு டிகிரி ஆக்குவோம் சார். அளவைக் கூட்டுவோம்."

சீஃப் நிமிர்ந்தார். "குளிருதுன்னு அழறவங்க மேல இன்னும் காத்தை விடப்போறியா?"

"ஆமா."

"காத்துல குளிர் குறைஞ்சு ஈரப்பதம் ஏறிச்சுன்னா?"

"பக்கத்துலயே நின்னு பாக்கறேன். அறுபதைத் தாண்டினா நானே பழையபடி மாத்திடறேன்."

"பண்ணு. மேலாளர் கேட்டா இது உன் யோசனை."

"சரியா வந்தாலும் என் யோசனைதான் சார்."

சிரித்துவிட்டார். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

மார்ச் 12
நாடாக்கள் படுத்துவிட்டன. வரிசையாக, கூரையோடு ஒட்டி, துடித்துக்கொண்டு. ஏணியடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈரப்பதம் ஐம்பத்தைந்து. புகார் ஐந்து.

மார்ச் 14
புகார் ஒன்று. பனிக்கரடி. "உங்க அக்கா சுகமாயிட்டாங்க தம்பி, நான் வெந்துட்டேன்." நியாயம்தான், மேற்கு வெயில் அவர் முதுகில். வடக்கு மூலையில் ஒரு மேசை காலி, இருப்பதிலேயே குளிர்ந்த இடம். அவரை அங்கே மாற்றச் சொன்னேன். நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு போனார், புதுமாப்பிள்ளை மாதிரி.

அக்கா இன்னும் பேசவில்லை.

மார்ச் 20
மேலாளர் ஆறாம் மாடிக்கு வந்தார். நடுவில் நின்றார், அண்ணாந்து பார்த்தார், கேட்டார்: "மெஷின் ஓடுதா, நிறுத்தி வச்சிருக்கீங்களா?"

"ஓடுது சார். அதே பழைய மெஷின்."

வெளிக் கம்பெனியின் கோப்பைக் கையெழுத்துப் போடாமலே சீஃபிடம் திருப்பிக் கொடுத்தார். சீஃப் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

சாயங்காலம் வீட்டில் அக்கா அலமாரியைக் குடைந்துகொண்டே தானாகவே பேசினாள். "என் சால்வையைப் பாத்தியாடா? எங்க வச்சேன்னே தெரியல."

"எத்தனை நாளா காணோம்?"

"அது... இப்பதான் ஞாபகமே வருது."

இனி செய்ய வேண்டியவை:
1. தூண் சென்சாரை எந்த மேசையும் நெருங்க முடியாத சுவருக்கு மாற்றுவது.
2. நாடாக்கள் அங்கேயே இருக்கட்டும். அசிங்கமாக இருக்கிறது என்று யார் சொன்னாலும்.
3. ஐந்தாம் மாடி. முதலில் மேசைக்கு அடியில் குனிவது. பிறகு மெதுவாகக் கேட்பது.
4. சால்வையைத் தேடிக் கொடுக்காமல் இருப்பது.