ஆற்று மணலும் என் பெயர்க்காரியும்

செப்டம்பர் 8

என் பெரிய மகன் முன்யாவின் மூத்த மகள் முத்தேயு நைரோபியில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். அவள் தம்பி கியோகோ மாவட்ட ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். கடைக்குட்டி கதுங்கே பள்ளிக்கூடத்துப் பசுமைக் குழுவுக்குத் தலைவி. அவளுக்கு என் பெயர். அதனால் எங்கள் வழக்கப்படி என் மகன்கள் இருவரும் அவளை ‘அம்மா’ என்றே கூப்பிடுகிறார்கள். சின்னவன் முசெம்பி இன்றைக்கும் வாசலிலேயே நின்று, "அம்மா, உன் பிள்ளை பசியோட வந்திருக்கான், சோளம் வெந்துடுச்சா?" என்று அவளைக் கேட்டான். அவனுக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. ஐந்தாவதோடு நின்ற எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

செப்டம்பர் 15

பள்ளிக்கூடம் கூப்பிட்டு ஊரே ஆற்றுக்குப் போனோம். குறுக்கே கல் அடுக்கினால் மணல் தங்கும், மணலுக்கு அடியில் தண்ணீர் தங்கும் என்றார் டீச்சர் பின்யா. நானும் கல் சுமந்தேன். பக்கத்து வீட்டு ண்டுங்கே, "பாத்திரம் கழுவுன தண்ணிய மாமரத்துக்கு ஊத்துனியான்னு தினமும் வந்து எட்டிப் பாக்குறா உன் பேத்தி. என் மாமியாரே தேவல" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

செப்டம்பர் 23

கல்லுக்குப் பின்னால் கிடந்த மணலை லாரிக்காரர்கள் அள்ளிப் போய்விட்டார்கள். முழங்கால் ஆழத்தில் ஊறிய தண்ணீருக்கு இன்று தோள் வரை குழிக்குள் இறங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் வண்டித் தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். மணல் அள்ளுகிறவன் ஒருத்தன், "கணக்குச் சொல்லிக்குடுத்தாப் போதும் டீச்சர். அடுத்த தடவை முள்ளு கிடந்தாலும் ஏத்துவோம், பிள்ளை கிடந்தாலும் ஏத்துவோம்" என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

செப்டம்பர் 24

முசெம்பி எந்த லாரி ஓட்டுகிறான் என்று நான் கேட்கவே இல்லையே.

செப்டம்பர் 27

முசெம்பி வந்தான். காது மடலில்கூட மணல். அது ஆற்று மணல், எனக்குத் தெரியாதா?

"எந்த லாரிடா ஓட்டுற?"

"லாரின்னா லாரிதான்மா."

"பிள்ளைங்க தடத்துல உக்காரப் போறாங்களாம். தெரியுமா?"

"நான் ஓட்டலன்னா வேற ஒருத்தன் ஓட்டுவான். அவன் பிரேக்கு போடுவானா?"

எழுந்து போய்விட்டான். 

செப்டம்பர் 28

கதுங்கேயைப் போகாதே என்றேன். "வீடு வீடாப் போயி ஆத்தைக் காப்பாத்துங்கன்னு சொல்லிட்டு, நானே வீட்டுல உக்காரவா பாட்டி?" என்கிறாள். லாரியை ஓட்டுவது சித்தப்பா என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இருக்கிற பயமும் போய்விடும். எல்லாருக்கும் முன்னால் போய் உட்காருவாள்.

அக்டோபர் 2

காலையில் அவள் சீருடையை ஒளித்து வைத்தேன். அக்காவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஹாரன் கேட்டது. அடுப்பை அப்படியே விட்டு ஓடினேன். பிள்ளைகள் தடத்தை மறித்து உட்கார்ந்திருக்க, டீச்சர் கையை விரித்து முன்னால் நிற்கிறார். மேட்டிலிருந்து லாரி இறங்குகிறது. லாரிக்குப் பின்புறம் ஏறி நின்றவர்கள் அதன் கூரையைத் தட்டி, "போ, போ" என்கிறார்கள். கடவுளே, என் வயித்துல பொறந்தவன்தான ஓட்டுறான்.

கதுங்கே எழுந்து டீச்சரைத் தாண்டி வந்து நின்றாள். ஓட்டுகிறவனை அப்போதுதான் பார்த்தாள் போலிருக்கிறது. அழவில்லை. நான் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்: "முசெம்பி, இறங்கி வாடா."

லாரி நின்றது. அவளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆடு படுக்கலாம், அவ்வளவுதான்.

"அம்மா கூப்பிடுது பாரு, போய்ப் பால் குடிச்சிட்டு வா" என்று மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் இறங்கினான். என் பக்கம் திரும்பவே இல்லை. "வந்துட்டேன்மா" என்று அவளிடம் சொல்லி அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்தான்.

அக்டோபர் 3

இன்று அவனாகவே சொன்னான். முதல் மிதிக்கு பிரேக் பிடிக்கவில்லையாம். இரண்டாவது மிதிக்குத்தான் பிடித்ததாம். இதை முன்யாவிடம் சொல்ல மாட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 11

முசெம்பி வீடு எது என்று சந்தையில் இரண்டு பேர் விசாரித்தார்களாம். நாயை வாசலில் கட்டினேன். அது குரைத்தாலும் பயம், குரைக்காவிட்டாலும் பயம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பெரியவர்கள்தான் கூட்டிப் போகிறார்கள். ஆற்றுக் காவலுக்கு வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துப் போகிறார்கள். ண்டுங்கேயும் போகிறாள், மாமியாரோடு.

நவம்பர் 4

அதற்குப் பிறகு லாரி வரவில்லை. ஆனாலும் பெரிய ரோட்டில் எது ஹாரன் அடித்தாலும் கதுங்கே எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன். முசெம்பிக்கு வேலை இல்லை. பிள்ளைகள் காட்டுகிற இடத்தில் கல் அடுக்குகிறான். நேற்று டீச்சர் எல்லாரையும் கல் சுவர் மேல் நிற்க வைத்துப் படம் எடுத்து நைரோபியில் இருக்கிற முத்தேயுவுக்கும் போனில் அனுப்பினார். வீட்டுச் சுவரில் இருந்த படத்தில் முசெம்பி லாரிக் கதவில் சாய்ந்து நிற்கிறான். அதைக் கழற்றிவிட்டேன். வெறும் ஆணி நிற்கிறது. முத்தேயு புதுப் படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டுச் சீக்கிரம் தபாலில் அனுப்ப வேண்டும், நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.