அடுத்தவர் தவறை எழுதக் கூடாது

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

கல்லூரி முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. நான் பிள்ளைகளை மதம் மாற்றுகிறேனாம்! மூன்றாமாண்டு சத்யப்பிரியாவின் அப்பா, நிலக்கரி மைன்ஸில் வேலை பார்க்கும் கலியமூர்த்தி, புகார் கொடுத்திருக்கிறார். "சர்ச்சுல மாதிரி புள்ளைங்கள பாவத்த எழுத வெக்கிறாங்க அப்சானா மேடம்" என்று கத்திவிட்டுப் போனாராம்.

நான் ஐந்து வேளை தொழுகிறவள். ஊர்ப் பிள்ளைகளைக் கிறிஸ்தவத்துக்கு மாற்ற நான்தான் கிடைத்தேனா? சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் எரிகிறது.

13 ஆகஸ்ட்

ஆறு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன் — 'மேலை இலக்கியத்தில் சமயம்'. பல்கலைக்கழகம் வைத்த விருப்பப் பாடம், நான் கண்டுபிடித்ததல்ல. ஐரோப்பாவில் தங்கள் தவறைக் கடவுளுக்கு எழுதினார்கள், பாதிரியார் காதில் சொன்னார்கள், கடைசியில் இரண்டு பேரையும் விட்டுவிட்டு முகம் தெரியாத வாசகனிடம் சொல்ல வந்தார்கள். தன்னைப் பற்றிய எழுத்து அங்கே அப்படியும் வளர்ந்தது. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மனப்பாடம் செய்வார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் ஜூலையில் ஒரு பயிற்சி வைத்தேன். ஒரு பக்கம். நீங்கள் செய்த ஒரு தவறு. பெயர் வேண்டாம். அடுத்தவர் தவறை எழுதக் கூடாது. அதுதான் கஷ்டம், இரண்டாவது வரியிலேயே எல்லோரும் அடுத்தவர் மேல் பாய்ந்துவிடுவோம். படித்ததும் கிழித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். கிழித்தும் விட்டேன். இதில் மதம் எங்கே வந்தது?

14 ஆகஸ்ட்

மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். 'மாணவர்களின் சமய உணர்வைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறேன்.' டைப் அடித்தே வைத்திருக்கிறார்கள், கையெழுத்துதான் பாக்கி. "நீங்க கான்ட்ராக்ட்ங்கறத மறந்துடாதீங்க" என்றார் முதல்வர். எங்கே மறக்க விடுகிறார்கள்?

சமியுல்லா செருப்புக் கடையை மூடிவிட்டு வந்ததும் சொன்னேன். "கையெழுத்த போட்டுக் குடுத்துட்டு வாயேன். நம்ம பேர வெச்சிக்கினு இந்த நேரத்துல சண்ட போட முடியுமா?" என்றார். கட்டின புருஷனே இப்படி. சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

சத்யப்பிரியா இன்றும் வரவில்லை. புகார் வந்த நாளிலிருந்தே.

19 ஆகஸ்ட்

அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். "அவ இனிமே வரமாட்டா மேடம். அவங்க அப்பா நிறுத்திட்டாரு. அவ அக்காவுக்குப் பண்ண மாதிரியே."

என்ன மனுஷன்யா இவன்? பெற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றையும் படிப்பிலிருந்து பிடுங்கிப் போடவா பெற்றான்? வீட்டுக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால்தான் எனக்கு ஆறும்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அதை நான் எழுதப் போவதில்லை.

20 ஆகஸ்ட்

எழுதுகிறேன். "நீங்க அவ எழுதுனத பி செக்‌ஷன்ல படிச்சுக் காட்டுனீங்களே மேடம், அதான்" என்றாள்.

மேலே 'கிழித்தும் விட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். பொய். முப்பத்தொன்பது தாளைக் கிழித்தேன். ஒன்றைக் கிழிக்கவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. அக்காவின் ஃபோன் மேல் ஆசைப்பட்டு, அவள் யாரோ பையனோடு பேசுகிறாள் என்று அப்பாவிடம் போட்டுக்கொடுத்த கதை. அப்பா அக்காவைக் காலேஜிலிருந்து நிறுத்தி ஒரே மாதத்தில் குறிஞ்சிப்பாடியில் கட்டிக்கொடுத்துவிட்டார். ஃபோன் இவளுக்கு வந்தது. அப்பாவைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. அடுத்தவர் தவறை எழுதக் கூடாது என்ற என் விதியை வகுப்பிலேயே காப்பாற்றியவள் சத்யப்பிரியா ஒருத்திதான். பெயர் இல்லாவிட்டால் என்ன, மூன்றாவது வருடமாகப் பார்க்கிற கையெழுத்து.

அதை பி செக்‌ஷனில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெயர் சொல்லவில்லையே என்று சமாதானம் வேறு. இந்த டவுன்ஷிப்பில் பெயர் எதற்கு? எந்த பிளாக்கில் யாருக்கு அவசரக் கல்யாணம் நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஏன் படித்தேன்? பார், என் மாணவி எப்படி எழுதுகிறாள் என்று பீற்றிக்கொள்ள. வேறொன்றும் இல்லை. ஒன்பது நாளாக முதல்வர் தவறு, சமியுல்லா தவறு, கலியமூர்த்தி தவறு என்றே எழுதித் தள்ளியிருக்கிறேன். வெட்கம் கெட்டவள்.

21 ஆகஸ்ட்

அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கலியமூர்த்தி முதல் ஷிஃப்ட் முடித்து வந்து வாசலில் ஷூவைத் தட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "தப்பு என்னுதுங்க. கிழிக்கிறேன்னு சொல்லிட்டு கிழிக்கல. அடுத்த கிளாஸ்ல நான்தான் படிச்சேன். அவ யார்கிட்டயும் சொல்லல."

ஷூவைக் கீழே போட்டார். "கூட வேல செய்றவன் கேக்கறான், 'அதுக்குத்தான் பெரியவள அவ்ளோ அவசரமா தள்ளிவுட்டியா'ன்னு. அவன் பையன் உங்க காலேஜுதான். இத்த வந்து காலேஜுல சொல்ல முடியுங்களா? அதான் சர்ச்சு கிர்ச்சுன்னு வாய்க்கு வந்தத சொன்னேன்."

"அவள அனுப்புங்க. என் தப்ப எழுதியே குடுத்துடறேன்."

"எழுதிக் குடுங்க. அப்பறம் பாக்கலாம்."

சத்யப்பிரியா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்ததும் கதவைச் சாத்தினாள். வரும் வழியெல்லாம் அதே கோபம். திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

22 ஆகஸ்ட்

டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போடவில்லை. என் கையால் எழுதிக் கொடுத்தேன்: கிழிப்பதாகச் சொல்லி வாங்கியதைக் கிழிக்காமல், அந்த மாணவியைக் கேட்காமல், வேறு வகுப்பில் படித்தேன். மதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, அது நான் செய்யாதது. முதல்வர் இரண்டு முறை படித்தார். "அதுலயே கையெழுத்து போட்டிருக்கலாம். இத வெச்சிக்கினு நான் உங்கள எப்படிங்க காப்பாத்தறது?"

காப்பாற்ற வேண்டாம் என்றேன். ஒரு நகலைக் கலியமூர்த்தியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

1 செப்டம்பர், திங்கள்

எங்கள் கல்லூரியில் அந்தப் பாடத்தை அடுத்த வருடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். என் கான்ட்ராக்ட் இந்தப் பருவத்தோடு சரி. சமியுல்லா நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று காலை அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

சத்யப்பிரியா வந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி "பிரசென்ட் மேடம்" என்றாள்.

பாடத்திலிருந்து ஒரு கேள்விக்கு விடை எழுதச் சொன்னேன். அவள் தாளைக் கடைசியாக எடுத்துப் பார்த்தேன். நான் கொடுத்த நோட்ஸை ஒரு எழுத்து மாறாமல் எழுதியிருந்தாள். தன்னுடையது என்று ஒரு வார்த்தை இல்லை.

பத்துக்குப் பத்து போட்டேன்.