கயிற்றில் ஏறிய கிண்ணம்

மச்சான்,

இன்று சாயங்காலம் அடுப்பைப் பற்றவைக்கும்போது உன் மணி அடித்தது. இரண்டாம் மாடிப் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் நீ தொங்கவிட்டிருந்த கயிற்றின் மணி. பசித்தால் மேலிருந்து அதை ஆட்டுவாயே, அதே சத்தம். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். உன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பர்மியத் தம்பதிக்கு யாரோ கீழே பார்சல் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்திருக்கிறார்கள். நீ மண்ணுக்குள் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. என் காலுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

சிங்கப்பூர், துபாய், மார்சேல் என்று ஊர் ஊராகச் சமைத்துவிட்டுப் பர்மாவுக்குத் திரும்பிய நான், லான்மடாவ் பேட்டையில் நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒயின் பார் வைக்கப்போகிறேன் என்றபோது கட்டடமே முகம் சுளித்தது. சம்பாதித்ததையெல்லாம் அதில்தான் போட்டிருந்தேன். எல்லா வீட்டாரும் சம்மதித்தால்தான் கடை. எல்லாரும் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பபேடான் கடைத்தெருவில் பாத்திரக்கடை, ஐந்து வேளைத் தொழுகை, ஒரு சொட்டு தொடாத மனுஷன். நீ மாட்டேன் என்றால் என் கதை முடிந்தது.

நீ பாட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்தாய். "தெருவுக்குன்னுதான கடை வைக்கிற? அப்ப நானும் திங்கிற மாதிரி ஒண்ணு ஆக்கு. சரின்னு சொல்லிர்றேன்," என்றாய்.

உன் கடையிலேயே தனிச் சட்டி வாங்கினேன். மீன், புளி, எலுமிச்சைப் புல் போட்டு, ஒயின் வாசமே படாமல் ஒரு குழம்பு. பெருமையாக உன்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். நீ சட்டியைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சட்டி தனிதான் மச்சான். கரண்டி?"

சமையல்காரன் கைக்கு ருசி பார்க்கும் கரண்டி ஒன்றுதான். ஒயின் கொதிக்கும் சட்டியிலிருந்து அது தானாகவே உன் சட்டிக்குள் போயிருந்தது. எத்தனை பெரிய ஓட்டல்களில் நின்று என்ன, அது பாத்திரக்காரன் கண்ணில்தான் பட்டது. குழம்பைக் கொட்டிவிட்டு, உனக்கென்று தனிக் கரண்டியும் எடுத்து மறுபடி வைத்தேன். நீ காத்திருந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டாய். கடை திறந்தது.

அதற்கப்புறம் தினமும் உன் கயிறு இறங்கும், கிண்ணம் ஏறும். வாசலில் குடித்துக்கொண்டிருப்பவர்கள் தலைக்கு மேலே அது மணந்துகொண்டே போகும். அவர்களும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு என் கடையில் முதலில் தீர்வது உன் குழம்புதான். குடிக்காத குடும்பங்கள்கூடப் பிள்ளைகளோடு வந்து உட்காருகின்றன. "என்னய வச்சு யாவாரம் பண்ற நீ," என்று மேலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாய். ஆமாம், பண்ணினேன். நன்றாகவே பண்ணுகிறேன். நீ பார்க்க இல்லாததுதான் வருத்தம்.

பார்சலை மேலே இழுத்த அந்தப் பெண், கீழே மணப்பது என்ன என்று கேட்டாள். கயிற்றை மறுபடி விடச் சொன்னேன். என் சமையல் கோட்டில் வலது பையில் கடைக் கரண்டி இருக்கும், இடது பையில் உன் கரண்டி. அவர்கள் குடிக்கிறவர்கள்தான், போன வாரம்கூட என்னிடம் ஒரு பாட்டில் வாங்கிப் போனார்கள். எந்தக் கரண்டியானாலும் அவர்களுக்குக் கவலையில்லை.

கிண்ணத்தை ஏற்றுவதற்கு முன் ருசி பார்த்தேன், மச்சான். கை இடது பைக்குத்தான் போனது.