நீங்கள் கலந்த மண்

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கடிதத்திலும் இதுதான் வருகிறது.

வலிக்கு நல்லதென்று மல்வேர்ன் வீட்டின் பின்வளவில் நான்கு சாடிகளில் கஞ்சா விதை போட்டீர்கள். "கனடாவில சட்டப்படி நாலு வளக்கலாமப்பா, களவில்லை" என்று என் வாயையும் அடைத்தீர்கள். முளைகள் இரண்டு இலை விடுமுன்னே போய்விட்டீர்கள். அந்தப் பாழாய்ப்போன புற்றுநோய்க்கு அவ்வளவு அவசரமா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த உங்கள் மச்சாள், "உது மரவள்ளியோ? கொஞ்சம் இலை தாங்கோ, வறை வறுப்பம்" என்றார். "ஓம், மரவள்ளிதான். ஆனா சரியான கசப்பு" என்றேன். துக்க வீட்டில் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! நீங்கள் இருந்திருந்தால் கட்டாயம் காட்டிக்கொடுத்திருப்பீர்கள்.

பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. இலை நுனிகள் கருகின. செடிக்குப் பசியாக்கும் என்று நினைத்தேன். ரொறன்ரோக் குளிரில் கறிவேப்பிலை வளர்த்தெடுத்தவள் என்ற எண்ணம் வேறு. அதற்குச் செய்வதையே இதற்கும் செய்தேன். புளித்த மோர் ஊற்றினேன், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். கடை உரத்தையும் போத்தலில் சொன்னதைவிடக் கூடக் கரைத்தேன். இன்னும் கருகின, இன்னும் ஊற்றினேன். மூன்று செத்துப்போயின. ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது உங்களை இன்னொரு முறை அனுப்பிவைத்தது போல இருந்தது.

"அம்மா, ஜஸ்ட் விடுங்கோ. வேணுமெண்டா உது கடையிலயே விக்குது" என்கிறாள் மகள். எனக்கு அது எதற்கு? நீங்கள் நட்டதில் ஒன்றாவது உயிரோடு நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

நாலாவதின் இலையைப் படமெடுத்துக்கொண்டு பூங்கன்றுக் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளை பார்த்துவிட்டு, "அன்ரி, உதுக்குப் பசியில்லை. சாப்பாடு கூடிப்போச்சு, வேர் எரியுது. மண்ணை முழுக்க மாத்துங்கோ" என்றாள். நீங்கள் முதலிலேயே ஆட்டெரு கலந்திருந்தீர்களே, அது எனக்கு எப்படி மறந்துபோனது?

எழும்ப முடியாமல் கதிரையில் இருந்தபடி, வெறுங்கையால் நீங்கள் கலந்த மண் அது. அதைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? செடியா மண்ணா என்று யோசித்து யோசித்துச் சாப்பாடும் இறங்கவில்லை.

நேற்றுக் காலை கொட்டினேன். வேரை அலசினேன். உங்கள் மண் கரைந்து புல்லுக்குள் போனது. வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டார் பார்த்தார்களோ தெரியாது.

புது மண்ணில் செடி இன்னும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நிற்கிறது. பிழைக்குமா? சத்தியமாக இனி வெறும் தண்ணீர்தான், அதுவும் மண் காய்ந்தால் மட்டும். பிழைக்காவிட்டால் வரும் வைகாசியில் நானே விதை வாங்கிப் போடுவேன். அது நீங்கள் நட்டதாக இராது. இருந்தாலும் போடுவேன்.

இப்போதும்
உங்கட மனிசி