கடைசி வளைவுக்கு யாரும் வராதீர்கள்

சோல்போன்-அத்தா,
புதன்கிழமை

அன்புள்ள மீரிம்,

எனக்குக் கோபம் என்று போட்டியன்று நான் சொல்லவில்லை. சபீரா என் முகத்தைத் துடைத்துவிட்டபடி, “என்னக்கா, கோவமா?” என்று கேட்டாள், இல்லை என்று தலையசைத்தேன். உன்னிடம்தான் சொல்கிறேன். உடம்புக்கு நான் நன்றாகவே இருக்கிறேன், முழங்கால் வலி போய்விட்டது, சித்தப்பா வீட்டிலும் எல்லோரும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். மனசுதான் சரியில்லை. தொலைபேசியில் சொன்னால் நீ முதலில் சிரிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். சபீராவின் தம்பி சியோலுக்குத் திரும்பும்போது இதையும் உலர்தயிர் உருண்டைகளையும் கொடுத்தனுப்புவேன்.

நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கிற நம் ஏரிக்கரை டிரையத்லான் கூட்டத்தைப் பற்றி நீ குறைவாக நினைத்துவிடக் கூடாது. தண்ணீரில் முகம் வைக்கவே பயந்தவளை நீந்த வைத்தவர்கள் அவர்கள். மினிபஸ் ஓட்டும் தாலந்த் அண்ணன் மார்பளவு குளிர்நீரில் நின்று, “மூஞ்சிய உள்ள விடும்மா, ஏரி உன்னத் தின்னாது, அதுக்கு மீன் இருக்கு” என்பார். சபீரா தன் நல்ல சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டு ஓட்டை சைக்கிளில் வருகிறாள். மெதுவாக வருகிறவர்களை இங்கே யாரும் கேலி செய்வதில்லை, கடைசி ஆள் வரும்வரை யாரும் சாப்பிடுவதும் இல்லை. இப்படிப்பட்டவர்கள்மேல் கோபப்படுவது எவ்வளவு கடினம் தெரியுமா, கோபம் வருவதற்கு முன்பே நன்றிகெட்டவள் என்று நமக்கே தோன்றிவிடுகிறது.

உன்னைப் பெற்றபோது எனக்கு வயது பத்தொன்பது. அதன்பிறகு யார் துணையும் இல்லாமல் நான் முடித்தது என்று எதுவும் இல்லை. நூலகத்தில் வேலை பார்க்கிறேன், அங்கேகூட ஒரு புத்தகத்தை ஒரே அமர்வில் படித்து முடித்ததில்லை, யாராவது வந்து கூப்பிட்டுவிடுவார்கள். அன்றைய போட்டியில் கடைசியாக வரும் ஓட்டத்தை, ஊர்ந்தே போனாலும் சரி, என் காலால் முடிக்க வேண்டும், என் பெயருக்கு நேரே ஒரு நேரம் விழ வேண்டும், இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. வெளியாட்களோ முன்னால் முடித்தவர்களோ கூட ஓடினால் போட்டியாளரின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும் என்று நடுவர் காலையிலேயே சொன்னார். நம் ஆட்களும் பலமாகத் தலையாட்டினார்கள். நான்தான் கடைசி. பாப்லார் மரங்கள் நிற்கும் வளைவில் முன்னும் பின்னும் ஒருவரும் இல்லை, என் மூச்சும் ஏரியின் சத்தமும்தான், அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் மீரிம். அப்போதுதான் அந்தக் கூச்சல். குதிரைப் பந்தயத்தில் களைத்து வரும் குதிரையை அதன் சொந்தக்காரர்கள் எதிர்கொண்டு போய்க் கத்திக் கத்தி இழுத்து வருவார்களே, அதே வேகத்தில் மொத்தக் கூட்டமும் தொப்பிகளை ஆட்டிக்கொண்டு வந்தது. “நம்ம குதிர வந்திடுச்சு! விடாத, இழு!” ஒரு கையைச் சபீரா பிடித்தாள், மறு கையைத் தாலந்த் அண்ணன். நடுவர் விசில் ஊதினார். “ஊது தம்பி ஊது, இன்னும் நாலு பேரு வருவாங்க” என்று அண்ணன் கத்தினார். என் கால்கள் தரையில் பட்டனவா என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

என் பெயரை அடித்துவிட்டார்கள். “அட விடுக்கா, நீ முடிச்சத நாங்க பாத்தோம்ல, அந்தாளு எழுதுனாத்தான் ஓட்டமா?” என்றாள் சபீரா. எல்லோரும் சேர்ந்து பொரித்த ரொட்டி தின்றோம். நானும் தின்றேன், சிரித்தும் வைத்தேன். எனக்கு என்ன போயிற்று என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, அதுதான் தாங்கவில்லை. இதில் கராகோலில் நடக்கப்போகும் இலையுதிர்காலப் போட்டிக்கும் அண்ணன் என் பெயரைக் கொடுத்துவிட்டார், “இந்தத் தடவ இன்னும் ஆளக் கூட்டிட்டு வரேன் பாரு” என்று வாக்கும் கொடுத்திருக்கிறார்! சனிக்கிழமை கரையில் கூடும்போது சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், ஒருமுறை திட்டுவதுபோல் வருகிறது, மறுமுறை கெஞ்சுவதுபோல் வருகிறது.

நீயாவது உன் அறைத்தோழிகளிடம் வேண்டாததை அன்றன்றே வேண்டாம் என்று சொல்லிப் பழகு. நாள் தள்ளினால் கனத்துவிடும். குளிர் தொடங்குமுன் கம்பளிக் காலுறையை வெளியே எடுத்துவை, உருண்டைகளை எல்லோருக்கும் கொடுத்துத் தின்னு. உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், நல்லவர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும், கொஞ்சம் இடம் விட்டு இருக்கட்டும்.

உன் அம்மா,
ஜிபெக்

பி.கு.: சபீராவின் தம்பியின் பயணம் தள்ளிப்போனதால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. சனிக்கிழமை சொல்லிவிட்டேன். சபீரா எழுந்து போய்விட்டாள், அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. நேற்று கராகோலில் போட்டி நடந்தது. மறுபடியும் நான்தான் கடைசி. கடைசி வளைவில் நின்று பார்த்தேன், பாதையில் ஒருவரும் இல்லை. ஓடி முடித்தேன், பெயருக்கு நேரே நேரம் எழுதினார்கள். கோட்டுக்கு அப்பால் அவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். ரொட்டியை யாரும் தொட்டிருக்கவில்லை.