நாலாவது மூலை

இன்று காலை, வெட்டி வைத்திருந்த பள்ளத்தின் மூலையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். நான் சொல்லிக்கொடுக்கும் சாலைப் பராமரிப்புப் பயிற்சிக்கு வந்திருந்த புதுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "இன்னாக்கா, மண்ண துன்றீங்க?" என்றாள் கீழ்புத்துப்பட்டிலிருந்து வந்த ஒருத்தி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தத் தார் வாசனையும் நாக்கில் லேசான கரிப்பும் சேர்ந்து வந்ததில், நீயும் வந்துவிட்டாய்.

2005, சித்திரை வெயில். பஞ்சாயத்துச் சாலைகளைப் பழுது பார்க்க ஆள் எடுக்கிறார்கள், ஐந்து நாள் பயிற்சி என்றதும் நம் மரக்காணம் உப்பளத்தில் முதலில் பெயர் கொடுத்தவள் நீதான். என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டாய். உனக்கு வேறு வழி இல்லை. கால் வெடிப்பெல்லாம் புண்ணாகி, இனிமேல் உப்புத் தண்ணீரில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாம் கிளம்பிய மறுநாளே மேஸ்திரி நம் பாத்திகளுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார். இந்த வேலை இல்லையென்றால் உன் வீட்டில் அடுப்பு எரியாது.

கடைசி நாள் தேர்வு. இரண்டு பேருக்கு ஒரு பள்ளம். மூடிவிட்டுப் போக வேண்டும். பத்து நாள் கழித்து இன்ஜினியர் வந்து பார்ப்பார், போட்டது நின்றால் வேலை. "சதுரமா வெட்டுங்க. உள்ள தூசியும் இருக்கக் கூடாது, ஈரமும் இருக்கக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னார் மனுஷன். தூசி போக வேண்டுமென்றால் நமக்குக் கழுவத்தான் தெரியும். நல்ல தண்ணீர் பட்டால் கரைந்துவிடுமே என்று, வாரிய உப்பை உப்புத் தண்ணீரிலேயே அலசிப் பழகிய கைகள் அல்லவா? பக்கத்து உப்பளத்து வாய்க்காலில் நாலு குடம் மொண்டு வந்து பள்ளத்தைக் கழுவினோம். எலும்பு மாதிரி காயவிட்டோம். தாரும் ஜல்லியும் போட்டு இடித்தோம். இருப்பதிலேயே நம்முடையதுதான் அழகு என்று நான் பீற்றிக்கொண்டது வேறு.

பத்தாம் நாள் அது மட்டும் அடை மாதிரி பெயர்ந்து கிடந்தது.

இன்ஜினியர் நம் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தார். நான் ஜல்லியைத் திட்டினேன், தாரைத் திட்டினேன், அவரையும் கொஞ்சம் திட்டினேன். நீயோ குந்தி உட்கார்ந்து, பள்ளத்தின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினாய்.

"உப்பு சார். தப்பு எங்களுதுதான். வாய்க்கா தண்ணில கழுவிட்டோம்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"

"பேரை அடிக்காதீங்க சார். இன்னொரு வாட்டி போடுறோம். இதுவும் பேந்துச்சுன்னா நீங்க அடிக்க வேணாம், நாங்களே போயிடுறோம்."

அவர் உன் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

அன்று கடப்பாரையை நீ என்னிடம் தரவே இல்லை. வெள்ளை கண்ணில் படாத வரைக்கும் வெட்டினாய். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. துடைப்பத்தால் பெருக்கி, சாக்கால் துடைத்து, ஒவ்வொரு மூலையாக நாக்கில் வைத்துப் பார்த்தாய். மூன்று மூலை தேறியது. நாலாவது கரித்தது.

"போதும் வாடி, பொழுது போவுது" என்றேன்.

"ஒரு மூலை பேந்தா போதும்டி, மொத்தமும் பேந்துடும். நீ பெருக்கு."

பெருக்கினேன், முணுமுணுத்துக்கொண்டே. இருட்டுவதற்குள் நாலாவது மூலையையும் ருசி பார்த்தாய். "இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டேன். "மண்ணு மாதிரி இருக்குது" என்று பல்லெல்லாம் கறுப்பாகச் சிரித்தாய். அடுத்த மழைக்காலம் முழுக்க அது அசையவில்லை. நம் பெயரும் நின்றது. அப்புறம் எத்தனை சாலை, எத்தனை பள்ளம்! ஒன்றையாவது நாக்கில் வைக்காமல் மூடவிட்டாயா நீ?

போன மாசியில் காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. உங்கள் ஊர் சுடுகாட்டுப் பாதையில் ஒரு பள்ளம் இருந்தது. உன்னை ஏற்றிய வண்டி அதில் இறங்கி ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்பார்கள். ரோடு போட வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. உன் வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மிச்சமிருந்த ஒரு மூட்டைத் தார்க் கலவையோடு போனேன். வெட்டினேன், பெருக்கினேன், நாக்கில் வைத்தேன். நாலு மூலையும் கரித்தது. மறுபடி பெருக்கினேன். மறுபடியும் கரித்தது. மூன்றாவது தடவைதான் என் முகமெல்லாம் நனைந்திருப்பது தெரிந்தது. முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். மண் மாதிரி இருந்தது. மூடினேன்.

உன் வண்டி குலுங்காமல் போயிற்று.

இன்று சிரித்தவள் சிரிக்கட்டும். நாளைக் காலை நாலாவது மூலையையும் நாக்கில் வைத்துப் பார்க்காத ஒருத்தியைக்கூடத் தார் வாளிப் பக்கம் அண்ட விடமாட்டேன்.