ஒப்பீட்டுக்கு எடுத்த வீட்டுக் கிணறு

ஜூன் 23, திங்கள்

சோளகக் காற்று பலம். தொப்பி இரண்டு தரம் வேலிக்குப் பறந்தது.

காலை ஏழரைக்கு முகாம் காணி. படையினர் போய் இரண்டு வருடம். எண்ணெய்ப் பீப்பாய்கள் கிடந்த மூலையில் ஆறடி மண்ணை என் மேற்பார்வையில் வெட்டி அகற்றியாயிற்று. இன்று கடைசிச் சோதனை, கிணற்று நீர். ஓய்வு பெற்ற பிறகும் இதற்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

எடுத்தவை:
மு.கி. (முகாம் கிணறு) - 3 போத்தல்.
ஒப்பீட்டுக்கு, எண்ணெயே படாத கிணறு, அதே மணல், அதே ஆழம்: வீ.கி. (நம் வீட்டுக் கிணறு) - 1 போத்தல். இதைவிடச் சுத்தமான கிணறு மாம்புரியில் எனக்குத் தெரியாது.

காணிக்காரர் ஜவ்பர் ஹாஜியார் கனமூலைக் கிராமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். “சேர், கடிதம் எப்ப? விதை வெங்காயம் வாங்கி வெச்சி முளையும் வந்திட்டு. கடிதம் இல்லாம காணிய தர மாட்டாங்களாம்.”

வாளியில் அள்ளி ஒரு கோப்பை நீட்டினார். “குடிச்சிப் பாருங்களேன்.”

முடிவு வரட்டும் என்றேன்.

“வந்த பொறகு குடிப்பீங்களா?”

காற்றைப் பற்றிப் பேசினேன்.

இங்கே மட்டும் எழுதி வைக்கலாம். முப்பத்தொரு வருடத்தில் பத்தொன்பது கிணறுகளுக்கு ‘குடிக்கலாம்’ என்று கையெழுத்திட்டிருக்கிறேன். ஒன்றிலும் ஒரு வாய் குடித்ததில்லை. வயிற்றுப்புண் என்பேன். ஒருமுறை நோன்பு என்று சொல்லிவிட்டு வாகனத்துக்குள் மீன் வைத்த மாலுபாண் தின்று பிடிபட்டேன். என் கணக்கில் எங்கோ ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருக்குமோ என்ற பயம். வேறொன்றுமில்லை.

ஜூன் 26, வியாழன்

வெயில். முழங்கால் வலி. கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து சிரோமி தொலைபேசியில். முன்பு எனக்குக் கீழே வேலை செய்த பெண். சிங்களத்தில் சொன்னது:

“சேர், முகாம் கிணறு நல்ல சுத்தம். மற்றப் போத்தல் எந்த முகாம்? அந்தக் கிணற்றை உடனே மூட வேண்டும்.”

வீ.கி.யில் மண்ணெண்ணெய்!

சந்தேகங்கள்:
1. ஒட்டிய சீட்டு மாறியது. (இல்லை. மூடியிலும் பக்கத்திலும் எழுதியிருந்தேன்.)
2. போத்தல் அழுக்கு. (மூன்று தரம் கழுவினேன்.)
3. சிரோமி. (இல்லை. இப்படி எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.)
4. நான்.

கிணற்றுக்குள் தலையை விட்டு முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்கும் எழுபத்தொரு வயது.

மனைவி ரஹீமா அடுப்படியிலிருந்து: “இஞ்சாருங்க, கிணத்துக்குள்ள என்ன தேடுறீங்க?”

சொன்னேன்.

“ரெண்டு மாசமா சொல்றன், பருப்புல மண்ணெண்ணெய் மணக்குது எண்டு. மனப்பிராந்தி எண்டீங்களே!”

பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஏப்ரல் 30: ‘ர. பருப்பைப் பற்றி ஏதோ முறைப்பாடு.’ அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எங்கிருந்தா? முகாம் ஊத்தை ஊட்டுக்குள்ள வரப்படா எண்டு சப்பாத்து, மண்வெட்டி எல்லாத்தையும் கிணத்தடியில வெச்சி மண்ணெண்ணெயில கழுவுறது ஆரு? ஏதும் ஜின் வந்து கழுவுதா?”

மணல் தரை. பன்னிரண்டடியில் தண்ணீர். மணலில் எண்ணெய் எவ்வளவு விரைவாக இறங்கும் என்று இரண்டு நாள் வகுப்பே எடுத்தவன் நான். படமும் வரைந்து காட்டினேன்.

மத்தியானச் சோறு கடையில் வாங்கியது. தண்ணீரும்.

ஜூன் 27, வெள்ளி

விடிய நாலரைக்கே விழிப்பு. மேசையில் இரண்டு தாள்.

முதல் தாள்: வீ.கி.யைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முகாம் நீர் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது, கடிதம் இன்றே போகும். ஹாஜியார் நடுவார். யாருக்கும் தெரியாது.

இரண்டாம் தாள்: ‘ஒப்பீட்டுக் கிணறு மாசடைந்துள்ளது. காரணம்: இவ்வறிக்கையை எழுதுபவர்.’ ஒப்பீடு திரும்ப எடுக்க வேண்டும். நாள் போகும். வெங்காயம் அழுகும். மாம்புரி முழுக்கச் சிரிக்கும்.

முதல் தாளில் பேனையை வைத்தேன். ஆனால் இதை மறைத்தால் அந்தப் பத்தொன்பதையும் நானே நம்பப் போவதில்லை. கிழித்தேன். இரண்டாவதை அனுப்பினேன்.

ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வெளியில் ஹாஜியாரிடம் முழுவதும் சொன்னேன். ஏசுவார் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மோட்டார் சைக்கிள் சாய்ந்தது.

“அப்ப சேர், முகாம் தண்ணி உங்கட ஊட்டுத் தண்ணிய உட நல்லம்?”

“அறிக்கையின்படி... ஓம்.”

“இத விடவா ஒரு கடிதம்! வெங்காயம் பத்து நாள் தாங்கும். நீங்க உங்கட வேலையப் பாருங்க.”

ஒப்பீட்டுக்குப் பள்ளிவாசல் கிணற்றில் புதிய போத்தல் எடுத்துக் கொழும்பு பஸ்ஸில் அனுப்பினேன். செவ்வாய் முடிவு தருவதாகச் சிரோமி சொன்னாள். சிரிப்பை அடக்கியது கேட்டது.

ஜூன் 28, சனி

காற்று குறைவு. நம் கிணற்றுக்குப் பலகை அடித்தேன்: ‘குடிக்க வேண்டாம்.’ சிவப்புப் பெயின்ட், விதிப்படி நான்கு அங்குல எழுத்து. ர. பார்த்துவிட்டு, “கீழ உங்கட பேரையும் போடுங்க” என்றாள்.

மூன்றரைக்கு ஹாஜியார் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஆறு கேன் இறக்கினார். முகாம் தண்ணீர். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். ர. உடனே தேத்தண்ணி போட்டாள். மூன்று கோப்பை. அவர் தன்னுடையதைத் தொடவில்லை. என்னுடையதையே பார்த்தார்.

“கையெழுத்துப் போட்ட ஆள் முதல்ல, சேர்.”

வயிற்றுப்புண் என்று வாய் வரை வந்தது. ர. முந்திக்கொண்டாள்: “பயப்படாமக் குடிங்க. அந்தக் கிணத்தடியில நீங்க சப்பாத்துக் கழுவல்லியே.”

4.10 குடித்தேன்.
4.40 ஒன்றுமில்லை.
5.15 ஒன்றுமில்லை. ஹாஜியார் இன்னும் போகவில்லை, அவரும் மணி பார்க்கிறார்.
6.00 இன்னொரு கோப்பை கேட்டேன்.